மூன்று ரூபாய்ச் சந்தாவும் ஒரு மலைத்தோட்டமும்

(பகவான் மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

அருகன் திருவடி போற்றி!

 

தெருவோரங்களில் மரம் நடுவதற்காக ஊரார் கூடிப் பொருள் திரட்டுவது நற்செயல் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் பொருளைத் திரட்டுவது எளிது. திரட்டிய பொருளை எவ்வாறு, எதற்காக, எத்தனை ஆண்டுகள் செலவிடுவது என்பதே அரிது. இதற்கு விடை கூறும் வரலாறு ஒன்று நீலமலையில் இருக்கிறது. உதகமண்டலத்துக்குச் சென்று, அங்குள்ள அரசினர் தாவரவியல் பூங்காவில் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் அரிது. அப்பூங்கா ஊரார் சந்தாவில் கருக்கொண்டது என்பதை அறிந்தோர் அதனினும் அரியர்.

1840-களின் தொடக்கம். உதகையில் குடியேறிய ஐரோப்பியர்க்குக் காய்கறி தட்டுப்பட்டது. அவர்கள் கூடி ஒரு தோட்டம் அமைத்தனர். மாதந்தோறும் மூன்று ரூபாய்ச் சந்தா செலுத்தினோர்க்குத் தோட்டத்துக் காய்கறி விலையின்றி வழங்கப்பட்டது. அத்திட்டம் நிலைக்கவில்லை. பின்னர் அவ்வூரார் மீண்டும் கூடினர். இம்முறை காய்கறிக்காக அன்று. தோட்டக்கலைச் சங்கம் ஒன்றும் பொதுப்பூங்கா ஒன்றும் அமைப்பதற்காக நன்கொடையும் சந்தாவும் திரட்டினர். அரசின் உதவியையும் வேண்டினர். 1847-இல் சென்னை ஆளுநர் டுவீட்டேல் பிரபு அதற்கெனக் குழு ஒன்றை அமைத்தார். 1848-இல் வில்லியம் கிரகாம் மெக்ஐவர் என்னும் தோட்டக்கலை வல்லுநர் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தார். அவர் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் பயின்றவர். அவரிடம் ஒப்படைக்கப்பட்ட இடத்தின் மேற்பகுதி செங்குத்தான சரிவில் அடர்ந்த காடு. கீழ்ப்பகுதி சதுப்பு நிலம். அது பூங்காவாக உருப்பெறச் சற்றேறக்குறைய பத்தாண்டுகள் ஆயின. தொட்டபெட்டாவின் அடிச்சரிவில் 22 எக்டேர் பரப்பில் அது இன்றும் நிற்கிறது.

பூங்காவை எழுப்பியோர் ஆட்சி செய்ய வந்தவர்கள். அவர்தம் நோக்கம் முழுவதும் அறநோக்கம் என்று கூற இயலாது. ஆயினும் அவர்கள் செய்த இரண்டு முயற்சிகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். முதல் முயற்சியில், கொடுத்த மூன்று ரூபாய்க்கு ஈடாகக் கொடுத்தவர் வீட்டுக்கே காய்கறி வந்தது. அது வாணிகம். இரண்டாம் முயற்சியில், கொடுத்தவர் காணாத தலைமுறையும் நிழலில் அமர இடம் பிறந்தது. உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை அறிந்த குலத்தார்க்கு இவ்வேறுபாட்டை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. மரம் ஒன்றே இந்நான்கில் மூன்றைத் தருவது: கனியால் உணவும், பட்டையாலும் இலையாலும் மருந்தும், பறவைக்கும் வழிப்போக்கர்க்கும் அடைக்கலமும் அளிப்பது. ஆதிபகவன் ஆலமர நிழலிலும் வர்த்தமானர் சாலமர நிழலிலும் கேவலஞானம் எய்தினர் என்பதை எண்ணினால், நான்காவதற்கும் மரம் துணை நின்றதே என்று கூறலாம்.

இவ்வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. சந்தா சேர்ந்தது, அத்துடன் பூங்கா வளர்ந்துவிடவில்லை. அறிந்த தோட்டக்காரர் ஒருவரும் பத்தாண்டுப் பொறுமையும் வேண்டியிருந்தன. இன்று மரநடுவிழாக்கள் பெரும்பாலும் கன்று நட்ட நாளோடு முடிகின்றன. பந்தல், மாலை, நிழற்படம் ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. சித்திரை வெயிலில் நீர் ஊற்றுவோர்க்குக் கூலி இல்லை. வேலியின்றி நின்ற கன்றை ஆடு மேய்ந்தால் குற்றம் ஆட்டினுடையதன்று. ஓரறிவுயிர் ஒன்றைத் தெருவுக்கு அழைத்து வந்து நீரின்றி வாட விடுவது அறமாகாது. ஆகவே நூறு கன்றுகளுக்குப் பொருள் சேர்ந்தால், இருபது கன்றுகளை நட்டு எஞ்சிய பொருளை அவற்றின் கூண்டுக்கும் நீருக்கும் காவலுக்கும் வைப்பதே மேல்.

இனி, எதனை நடுவது என்னும் வினா. இதற்கும் நீலமலையே ஆசான். ஆனால் இம்முறை அது கற்பிப்பது தன் காயத்தைக் காட்டி.

1843-இல் காட்டன் என்னும் படைத்தலைவர் ஆஸ்திரேலியக் கற்பூர மரத்தை, அதாவது தைல மரத்தை, அம்மலைக்குக் கொணர்ந்தார். அதே காலத்தை ஒட்டிச் சீகை மரமும் வந்தது. குளிர்நாட்டில் விறகு வேண்டும். இவை விரைந்து வளரும். எனவே நடப்பட்டன. பின்னர்ச் சீகையின் பட்டை தோல் பதனிடுதற்குப் பயன்படும் என்று மேலும் மேலும் நடப்பட்டது. கொல்லாமையை உயிராகக் கொண்டோர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். மரம் நடுதல் என்னும் பெயரால் நிகழ்ந்தது தோல் தொழிலுக்குத் துணையாயிற்று.

நீலமலையின் உச்சிப்பகுதி வெறுங்காடு அன்று. பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியும் மாறி மாறி அமைந்த நிலம் அது. அப்புல்வெளி மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகிறது. பவானியும் மோயாறும் அவ்வாறு ஊறிய நீரைக் கொண்டே இறங்குகின்றன. பெருங்கதை இயற்றிய கொங்குவேளிரோடு தொடர்புடைய விஜயமங்கலச் சமணக் கோயில் விளங்கும் கொங்கு நாட்டுக்கு வளம் தருவது அம்மலை நீரே. தோடர் பெருமக்களின் எருமைகள் மேய்வதும் அப்புல்வெளியில்தான். மரபால் புலால் உண்ணாத அம்மக்களுக்கு எருமைப் பாலே வாழ்வு. புல்வெளியை வெற்றிடம் என்று கருதி அதன்மேல் வரிசையாக மரம் நட்டபோது, ஓடை மெலிந்தது, மேய்ச்சல் சுருங்கியது, பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சிக்கும் இடம் குறைந்தது. இன்று அரசே அயல் மரங்களை நீக்கும் பணியில் இறங்கியிருக்கிறது. அவ்வகைத் தாவரங்களைக் களைந்து நிலத்தை மீட்பதற்கெனத் தமிழக அரசு 2022-இல் தனிக்கொள்கையே வகுத்தது.

புல்லும் ஓரறிவுயிரே. தொல்காப்பியரும் புல்லையும் மரத்தையும் ஒருங்கே வைத்தே எண்ணினார். பயனின்றி மண்ணை அகழ்தல், நீரைச் சிதறுதல், தாவரத்தை வெட்டுதல் ஆகியவற்றை அநர்த்ததண்டம் என்று விலக்கினார் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில். அந்நூல்வழித் தமிழில் அருங்கலச்செப்பும் எழுந்தது. இடமறியாமல் நடுவதும் அந்த விலக்கின் நிழலில் வந்து நிற்பதே. எண்ணம் நல்லது என்பதனால் துன்பம் இல்லாது போகாது. அறிவொடு கூடாத நற்காட்சி முழுமை பெறாது என்பதன்றோ மும்மணி நெறி?

ஆகவே நிலத்துக்குரியது எதுவோ அதனை நட வேண்டும். உதகை, குன்னூர், கோத்தகிரித் தெருக்களில் நிதி திரட்டுவோர் சோலைக்காட்டுச் செண்பகத்தையும், நாவல் இனங்களையும், செந்நிறப் பூப்பூக்கும் காட்டுப் பூவரசையும் நாடலாம். அவை மெல்ல வளர்வன, பொறுமையைக் கேட்பன. விரைவை விரும்பி உயர்ந்து மெலிந்த மரங்களைச் சாலையோரம் நட்டால், பருவமழையின் காற்றில் அவை வழிப்போக்கர்க்கு அச்சமாகும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மலைப்பகுதியில் நட்ட மரத்தைப் பின்னர் நினைத்தவாறு வெட்டவும் இயலாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அனுமதி பெறச் சொல்லும். எனவே நடுமுன் எண்ணுவதே நன்று.

வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதிகளில் வாழும் குடும்பங்களுக்கு வேம்பும் புங்கமும் பூவரசும் உரியவை. இங்கு ஒரு செய்தி. அருகப் பெருமானின் எண்வகைப் பிராதிஹாரியங்களுள் ஒன்று அசோகு. தமிழ்ப் புலவர் பிண்டி என்று போற்றியது. அதனைத் தெருவில் வைக்க விரும்பி நாற்றங்காலில் ‘அசோகா’ என்று கேட்டால், கம்பம்போல் நிமிர்ந்து நிற்கும் நெட்டிலிங்கத்தையே பெரும்பாலும் தருவர். அது அசோகன்று, நிழலும் மிகத் தாராது. கொத்துக்கொத்தாகச் செம்மஞ்சள் மலர் பூப்பதே பிண்டி. கேட்டு, கண்டு, உறுதிசெய்து வாங்குதல் வேண்டும்.

இறுதியாக, கொடுத்தவர் பெயர் பற்றி. மரத்தில் ஆணியடித்துப் பெயர்ப்பலகை மாட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. புகழுக்காக ஓரறிவுயிரின் உடலில் இரும்பைச் செலுத்துவது சிராவகர்க்குத் தகுமா? வரவும் செலவும் ஆண்டுதோறும் அவையில் படிக்கப்படட்டும். கணக்கு மறைவாக இருத்தல் ஆகாது. ஆனால் பெயர் மறைவாக இருக்கலாம். குப்ததானம் என்று முன்னோர் உயர்த்திப் பேசியது அதனையே. பெருந்தொகை ஒருவர் தருவதினும், வீட்டுக்கு வீடு சிறுதொகை மாதந்தோறும் தருவது நன்று. கொடுத்த வீட்டார் தம் மரத்தைத் தாமே காப்பர்.

இலேசியை ஆறினையும் விளக்கும் கதை குழந்தைகளும் அறிந்ததே. பசித்த அறுவர் கனிந்த நாவல் மரம் ஒன்றைக் கண்டனர். ஒருவன் வேரொடு சாய்ப்போம் என்றான். ஒருவன் அடிமரத்தையும், ஒருவன் பெருங்கிளையையும், ஒருவன் சிறுகிளையையும் வெட்டுவோம் என்றனர். ஐந்தாமவன் கனியை மட்டும் பறிப்போம் என்றான். ஆறாமவன், கீழே உதிர்ந்த கனிகளே பசிக்குப் போதும் என்றான். கருமை முதல் வெண்மை வரை அறுவர் மனத்தையும் சொல்லும் அக்கதை, அந்நாவலை நட்டவர் எவர் என்று சொல்லவில்லை. அவர் பெயரை எவரும் கேட்டதுமில்லை. ஆயினும் அவர் நட்டதனால்தான் அறுவர்க்கும் பசி ஆற வழி பிறந்தது. உலகுக்கும் ஒரு பாடம் கிடைத்தது.

பெயர் கேட்கப்படாத அந்த ஏழாமவராக இருக்க விரும்புவோர் இத்திருநாளில் தம் பங்கைச் செலுத்துவாராக.

அறம் வளர்க! அருகன் நெறி வாழ்க!