ஒரு நகரின் வயது

ஒரு மனிதனின் வயது என்ன என்று கேட்டால் ஓர் எண்ணைச் சொல்லி முடித்துவிடலாம். ஒரு நகரின் வயது என்ன என்று கேட்டால்? அதற்கும் ஓர் எண்ணைத்தான் புள்ளிவிவர நூல்கள் தருகின்றன. அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், இந்தியானா மாநிலத்தில் உள்ள மன்சி என்னும் சிறு நகரைப் பார்ப்போம். ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் என்னும் ஆராய்ச்சித் தம்பதியர் இந்நகரின் வாழ்வை ஆராய்ந்து, அதற்கு ‘மிடில்டவுன்’ என்று புனைபெயர் சூட்டி, 1929-ல் ஒரு நூல் வெளியிட்டனர். அதுமுதல் சமூகவியலார் உலகில் இவ்வூர் பெயர் பெற்றது.

1880-ல் மன்சியின் மக்கள் தொகை 5,219. 1886-ல் அப்பகுதியில் இயற்கை எரிவாயு பெருகக் கிடைத்தது. மலிவான எரிபொருளை நாடிக் கண்ணாடித் தொழிற்சாலைகள் வந்தன. பால் சகோதரர்கள் ஐவரும் பஃபலோ நகரிலிருந்து தம் தொழிலை இங்கே கொணர்ந்தனர். 1900-ல் மக்கள் தொகை 20,942 ஆயிற்று. வாயு வற்றியது, ஆனால் மோட்டார் உறுப்புகள் செய்யும் ஆலைகள் ஊரைத் தாங்கின. 1960-ல் 68,603, 1980-ல் 77,216. அதுவே உச்சம். பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 65,194 பேரே இருந்தனர்.

வேலை குறைந்த ஊரில் இளைஞர் வெளியேறுவர், முதியோர் எஞ்சுவர் என்பது பொது விதி. அப்படியானால் மன்சி முதுமையுற்ற நகராகவன்றோ இருத்தல் வேண்டும்? 2010-ஆம் ஆண்டுக் கணக்கு வேறு கதை சொல்கிறது. ஊர் மக்களை எல்லாம் வயது வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் வயதை ‘நடு வயது’ என்கிறோம். அவ்வாண்டில் அமெரிக்க நாட்டின் நடு வயது 37.2, மன்சியின் நடு வயதோ 28.1 தான்!

இந்த இளமை எங்கிருந்து வந்தது? அங்குள்ள பால் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மாணவர்களைப் பெற்றோர் வீட்டில் அல்லாமல், பயிலும் ஊரிலேயே எண்ணுவது 1950 முதல் அமெரிக்கக் கணக்கெடுப்பின் முறை. ஆகவே வயதுவாரியாக வரையும் படம், அடி அகன்று முடி குறுகிய கோபுரமாக அமையாமல், இடையில் புடைத்த குடம் போல அமைகிறது. இருபதை ஒட்டிய வயதில் பெருங்கூட்டம். அடியில் குழந்தைகள் குறைவு.

அந்தக் கூட்டமும் ஊரில் தங்குவதில்லை. சில ஆண்டுகள் பயின்று பலர் வேறிடம் செல்கின்றனர், புதியோர் வருகின்றனர். ஆற்றின் நீர்மட்டம் மாறுவதில்லை. நீர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆதலால் அவ்வூர் ஆண்டுதோறும் இளமையாகவே தோன்றுகிறது.

உண்மையை அறியப் பள்ளிக்கூடங்களைப் பாருங்கள். பிள்ளைகள் குறைந்தமையால், 2014-ல் தென்பகுதி உயர்நிலைப் பள்ளி மத்திய உயர்நிலைப் பள்ளியோடு இணைக்கப்பட்டது. 2018-ல் நகரப் பள்ளிகளின் நிர்வாகமே பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் விடப்பட்டது. இளைஞர் நிறைந்த ஊரிலே மாணவர் இன்றிப் பள்ளி குன்றுகிறது என்றால், அந்த 28.1 என்னும் எண் எதை மறைத்தது என்பது விளங்கும்.

வறுமைக் கணக்கிலும் இதே மயக்கம் உண்டு. விடுதிக்கு வெளியே வாடகை வீட்டில் வாழும் மாணவரின் சொற்ப வருவாயும், ஆலை வேலை இழந்த குடும்பத்தின் சொற்ப வருவாயும் ஒரே பட்டியலில் சேர்கின்றன. முன்னதற்குக் காலமே மருந்தாகலாம். பின்னதற்கு வேலை வேண்டும்.

நேயர்களே, சராசரியும் நடு வயதும் பொய் சொல்வதில்லை. ஆனால், கேட்டதற்கு மேல் அவை ஒன்றும் சொல்வதுமில்லை. ஒரு நகருக்குப் பள்ளியோ மருத்துவமனையோ திட்டமிடுவோர், ‘எத்தனை பேர்?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘யார் தங்குவர், யார் செல்வர்?’ என்றும் கேட்க வேண்டும். அக்கேள்வி எழாத இடத்தில், திட்டத்தின் பிழையைச் சுமப்பவர் ஊரிலேயே தங்கிவிட்ட குழந்தைகளும் முதியோருமே.