எங்கள் ஊரைப் படம்பிடிக்கப் போனோம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பேசும்படி செயலாளர் கேட்டபோது தயங்கினோம். எங்கள் வகுப்பு பேச்சுப்போட்டியில் பெரிதாக எதையும் வென்றதில்லை. மண்டபத்தின் பின்சுவரில் மாட்டியிருக்கும் படங்கள் எப்படி வந்தன என்று சொன்னால் போதும் என்றார். அதைச் சொல்லலாம்.

நாங்கள் ஆறு பேர், ஒரே வகுப்பு. இருவர் வைத்தியர்கள், ஒருவர் ஆசிரியை, ஒருவர் வங்கியில், ஒருவர் தையற்கடை நடத்துகிறார், இன்னொருவர் மூன்று பிள்ளைகளோடும் மாமியாரோடும் வீட்டில் இருக்கிறார். எங்களில் வேலை கூடியவர் அவர்தான். கனடாவிலிருந்து வந்த தோழி விட்டுப்போன பழைய கனன் கமரா ஒன்று, கொழும்பில் இரண்டாம் கையாக வாங்கிய நிக்கோன் ஒன்று, மற்றவர்களுக்குக் கைத்தொலைபேசி. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, காலை ஐந்தரைக்குப் பண்ணையில் சந்திப்போம். எட்டரைக்கு முன் வீடு திரும்பவேண்டும். வைத்தியசாலைக் கடமையும் குசினியும் அதற்கு மேல் விடுவதில்லை.

தொடக்கம் 2019 முடிவில் நடந்த எங்கள் வகுப்பு ஒன்றுகூடல். பள்ளிக்காலப் படங்களைத் திரையில் காட்டுவோம் என்று எல்லோரிடமும் கேட்டோம். கனடா, லண்டன், கொழும்பு, மட்டக்களப்பு என்று எங்கும் கேட்டும் வந்து சேர்ந்தவை நான்கு படங்கள். அதில் ஒன்றில் பாதி வகுப்பு சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. இங்கே இருப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. நாங்கள் படித்த காலத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். படச்சுருள் கிடைப்பது அரிது. அதையும் மீறி எடுத்து வைத்திருந்தவற்றை 1995 ஒக்டோபர் 30இல் விட்டுவிட்டு நடந்தோம். மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊரே நகர்ந்த இரவு அது. பிறப்புச் சான்றிதழ் எடுத்தோம், அரிசி எடுத்தோம். அல்பம் பாரம் என்று வைத்துவிட்டு வந்தோம். அப்போது எங்களுக்குப் பதினைந்து வயது.

அந்த நான்கு படங்களையும் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். ஆனால் இனிமேலாவது எடுத்து வைப்போம் என்ற எண்ணம் எங்களுக்குள் கிடந்தது. அடுத்த ஆண்டு ஊரடங்கில் போனது. உண்மையில் வெளிக்கிட்டது 2021 கடைசியில்.

வெளிக்கிட்ட பிறகுதான் தெரிந்தது, எங்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. எங்கள் காலத்துப் பெண்பிள்ளைக்கு யாழ்ப்பாணம் என்பது வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து ரியூசன், ரியூசனிலிருந்து வீடு. வெள்ளிக்கிழமை கோயில். கோட்டைக்குள் எங்களில் நாலு பேர் நாற்பது வயதுவரை கால் வைத்ததில்லை. சிறுவயதில் அது செல் வந்து விழும் திசை, பிறகு போகக்கூடாத இடம், திறந்துவிட்ட பிறகு எங்களுக்கு நேரமில்லாத இடம். கந்தரோடை எங்களுக்குச் சரித்திரப் பாடத்தில் வரும் ஒரு பெயர். அங்கே முருகைக்கல்லால் கட்டிய சின்னச் சின்னத் தூபிகள் பனைகளுக்கிடையில் கூட்டமாக இருப்பதை எங்கள் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த பிறகே நாங்கள் பார்த்தோம். பருத்தித்துறைத் தெருமூடிமடத்துக்குக் கீழால் பஸ்ஸில் எத்தனை தரம் போயிருப்போம். தெருவுக்கு மேலே கூரை ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வெயிலில் நடந்து வந்தவன் படுத்து எழும்பிப் போவதற்காகக் கட்டிய மடம் அது. அதன் கல்தூணுக்குப் பக்கத்தில் ஒரு ஞாயிறு காலை உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்த தேநீரைக் குடித்தோம்.

படமெடுக்கத் தெரியாமல்தான் தொடங்கினோம். தெரிந்துகொண்டதில் இரண்டை மட்டும் சொல்கிறோம், தங்கைமாருக்கு உதவும். முதலாவது, நேரம். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் பின்னர் அதை ஐங்கோணமாக விரித்துக் கட்டினார்கள். அந்த மதிலும் முருகைக்கல்தான். காலை ஆறே கால் மணிக்கு ஒளி மதிலை உரசிக்கொண்டு சரிந்து விழும்போது ஒவ்வொரு கல்லிலும் பவளப்பாறையின் வரிகள் நிழலோடு எழும்பி நிற்கும். ஒன்பது மணிக்குப் போனால் அதே மதில் வெறும் சாம்பல். எங்கள் ஊரில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேரே உச்சியில் நிற்கும். அந்த வெளிச்சத்தில் எடுத்தால் எல்லோருக்கும் கண்குழி கறுத்து, நோயாளி போல் வரும்.

இரண்டாவது, கமராவை நம்பக்கூடாது. மணற்காட்டுக்குப் போய் மணல்மேடுகளையும், மணலுக்குள் புதைந்து கிடக்கும் பழைய தேவாலயத்தின் சுவர்களையும் எடுத்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் வெள்ளை மணல் சீமெந்து நிறத்தில் இருக்கிறது. கமரா எதைக் கண்டாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தை அளக்கிறது. ஆகவே வெள்ளையை எடுக்கும்போது கூட்டல் குறியுள்ள பக்கம் ஒரு படி ஏற்றவேண்டும். கறுப்பை எடுக்கும்போது இறக்கவேண்டும். வெள்ளையைக் கண்டால் குறைக்கத்தானே வேண்டும் என்று நாங்கள் மூன்று மாதம் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தோம். பௌதிகவியல் ரீச்சர் முன்வரிசையில் இருந்து சிரிக்கிறார்.

2022இல் பெற்றோல் வரிசை வந்தபோது நின்றுபோகும் என்று நினைத்தோம். சைக்கிளை எடுத்தோம். பாசையூர், குருநகர், கொழும்புத்துறை, அரியாலை என்று பக்கத்தில் இருப்பவற்றையே சுற்றினோம். பின்சுவரில் இருக்கும் நல்ல படங்களில் பாதி அந்த மாதங்களில் எடுத்தவை. சைக்கிளில் போகிறவளுக்கு வேலி தெரியும், வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் ஆளும் தெரியும். நெடுந்தீவுக்கும் ஒருமுறை போனோம். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலக் கடல். எங்களில் ஒருவர் முழுத்தூரமும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். பெயர் சொல்லமாட்டோம், வைத்தியர்தான். சாந்து பூசாமல் கல்லுக்குமேல் கல்லாக அடுக்கிய வேலிகளும் கட்டைக்குதிரைகளும் அந்தப் பெரிய பெருக்குமரமும் பின்சுவரில் இடதுபக்கம் இருக்கின்றன.

வலதுபக்கம் கடைசியாக இருக்கும் படத்தைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தோம்.

அது வலிகாமம் வடக்கில், உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஒரு கிராமத்தில் எடுத்தது. 1990 ஆனியில் சனம் எழும்பிய பிறகு இருபது வருடத்துக்கு மேலாக யாரும் குடியிராத வீடு. கூரை இல்லை. சுவரை ஓர் ஆலமரம் வேரால் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. வாசலூடாக வெளிச்சம் வந்து உள்ளே முளைத்திருந்த புல்லில் விழுந்தது. அந்த வீட்டில் இரண்டு மணித்தியாலம் நின்று நூறு படத்துக்கு மேல் எடுத்தோம். மிக வடிவாக வந்ததைப் பெரிதாக அச்சடித்து, எங்கள் பள்ளி வாசிகசாலைக் கூரைக்காக இதே மண்டபத்தில் வைத்த கண்காட்சியில் மாட்டினோம். அதற்குக் கீழே ‘காலம் எழுதிய கவிதை’ என்று பெயரும் எழுதினோம். அந்தப் பெயரை யோசிக்க எங்களுக்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது.

கண்காட்சியின் இரண்டாம் நாள், எங்களைவிடப் பதினைந்து வயது மூத்த ஓர் அக்கா அந்தப் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். படம் பிடித்துவிட்டதாக்கும், வாங்கப் போகிறார் என்று சந்தோசப்பட்டோம். “பிள்ளையள், இது ஆர் எடுத்தது?” என்றார். சொன்னோம். “இது எங்கட வீடு” என்றார். பிறகு, “குசினி நிலையில அப்பா எங்கட உயரத்தைப் பென்சிலால கீறி வைச்சவர். அது இருக்கோ? பாத்தனியளோ?” என்று கேட்டார்.

பார்க்கவில்லை. நூறு படத்தில் ஒன்றிலும் இல்லை. கோபித்திருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. போகும்போது பெயரை மட்டும் இன்னொருமுறை வாசித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். படலை இருந்த இடத்தில் இறங்கி நடந்தார். நாங்கள் வாசல் என்று நினைத்துப் படமெடுத்த இடத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்த பிறகுதான் கவனித்தோம், அங்கே நிலை இல்லை. கதவு, நிலை, யன்னல், தீராந்தி எல்லாவற்றையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நாங்கள் ஒளி வருகிறது என்று ரசித்தது நிலையைப் பிடுங்கிய ஓட்டை. பென்சில் கோடு நிலையோடு போய்விட்டது.

அக்கா அழுவார் என்று நாங்கள் பயந்துகொண்டு நின்றோம். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “சரி, நான் சொல்லுறதை எடுங்கோ” என்றார். குசினித் தண்ணீர் ஓடும் சீமெந்து வாய்க்கால். அம்மி இருந்த மேடை. கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் கல். சாமியறைச் சுவரில் மிச்சமிருந்த ஒரு கைப்பிடியளவு நீலப் பூச்சு. படியில் ஓர் உடைந்த மூலை, அதில் தம்பி விழுந்து நெற்றியில் தையல் போட்டதாம். பதினேழு படங்கள் எடுத்தோம். ஒளி சரியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை, மணி பத்து தாண்டிவிட்டது. எந்தக் கண்காட்சியிலும் இவற்றை மாட்டமுடியாது.

வெள்ளவத்தையில் இருக்கும் தன் தாயாருக்கு அக்கா அந்தப் பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். எண்பது தாண்டியவர். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கிணற்றுப் படத்தில் நிறுத்தி, துலாக்கால் நின்ற பக்கத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கமாக நின்று எடுத்திருக்கிறார்கள், விசயம் தெரியாத பிள்ளைகள் என்று குறை சொன்னாராம். திரும்பிப் போய் மற்றப் பக்கமும் எடுத்து அனுப்பினோம்.

ஆலமரப் படத்தைக் கழற்றிவிடுவோமா என்று அக்காவிடம் கேட்டோம். வேண்டாம், பெயரை மட்டும் மாற்றுங்கள் என்றார். இப்போது அதன் கீழே அவர் சொன்னபடி ‘குசினி வாசல், 1990 ஆனி வரை’ என்று இருக்கிறது.

எங்களில் இருவர் வைத்தியர்கள் என்றோம். வார்ட்டில் ஒருவரின் காற்புண்ணைப் படமெடுப்பதென்றாலும் எதற்காக, யார் பார்ப்பார்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்கித்தான் எடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கமரா கைக்கு வந்தால் அது எங்களுக்கு மறந்துவிடுகிறது. பாசையூரில் ஒரு மீனவர், “மீன் படாத நாளில ஏன் பிள்ளை படம்?” என்று முகத்தைத் திருப்பினார். நாங்களோ அந்த முகத்திருப்பலையும் எடுத்தோம். பிறகு அழித்தோம். அந்த வீட்டுக்குப் பிறகு, வளவுக்குள் கால் வைக்கமுன் அயலில் விசாரித்து உரியவரைக் கண்டுபிடிப்பது, எடுத்தவருக்குப் பிரதி கொடுப்பது என்று இரண்டு வழக்கம் வைத்தோம்.

இரண்டாவதிலும் ஒருமுறை தவறினோம். சுன்னாகம் சந்தையில் வெற்றிலை விற்கும் ஓர் ஆச்சி, தானே கூப்பிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, எடுங்கோ என்றார். நல்லாக வந்தது. அடுத்த மாதம் கொண்டுவருகிறோம் என்றோம். கடமை மாற்றம், பிள்ளைகளின் சோதனை, மூன்று மாதம் போய்விட்டது. கொண்டுபோனபோது அந்த இடத்தில் மகள் இருந்தார். அன்றைக்கு ஆச்சியின் செத்தவீடு முடிந்து பன்னிரண்டு நாள். அடையாள அட்டைப் படத்தைத் தவிர வீட்டில் வேறு படம் இல்லையாம், கல்வெட்டுக்கு எதைப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்களாம். அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டின் முதற்பக்கத்தில் நாங்கள் எடுத்த படம் இருக்கிறது. மகள் எங்கள் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஆச்சி தன் படத்தைப் பார்க்கவேயில்லை.

நேரம் முடிந்துவிட்டதென்று தலைவி மணிக்கூட்டைக் காட்டுகிறார். ஒரு அறிவித்தல் மட்டும்.

நூற்றாண்டு மலருக்குப் படம் தேடியபோது, இந்த மண்டபத்தின் பழைய முன்முகப்புக்கும், விடுதியின் சாப்பாட்டறைக்கும் ஒரு படமும் பள்ளியில் இல்லை என்று தெரிந்தது. யாராவது அக்காவின் அல்பத்தில், ஒரு பிறந்தநாளுக்கோ விளையாட்டுப்போட்டிக்கோ எடுத்ததில், பின்னால் தூரத்தில் அது நிற்கக்கூடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசிகசாலையில், வடக்கு யன்னலோரம் மேசை போட்டு இருப்போம். படங்களைக் கொண்டுவந்திருந்தால் தாருங்கள். பிளாஷ் போடாமல் யன்னல் வெளிச்சத்தில் பிரதி எடுத்து, கையோடு திருப்பித் தருவோம். அல்பத்திலிருந்து உரிக்கவேண்டாம், கிழியும். ஒட்டினபடியே எடுக்கலாம். யார் யார் நிற்கிறார்கள், எந்த ஆண்டு என்று சொல்லுங்கள், பக்கத்தில் இருந்து எழுதுவதற்கு ஒரு தங்கை கொப்பியோடு இருப்பா.