அமெரிக்க வானொலியில் அம்பேத்கர்: 1956 மே 20



பழைய அமெரிக்க வானொலியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், கோவையில் உட்கார்ந்துகொண்டு இது நமக்கு எதற்கு என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். கொஞ்சம் பொறுங்கள், அது எப்படி நம்மூருக்கு வந்து சேர்கிறது என்று சொல்கிறேன்.

1930, 40களின் அமெரிக்க வானொலி நாடகங்கள் இன்று இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்து வருவதாக ஆர்சன் வெல்ஸ் 1938 அக்டோபர் 30 அன்று ஒலிபரப்பிய நாடகத்தை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தை வானொலியின் பொற்காலம் என்று அங்கே கொண்டாடுகிறார்கள். யாருக்குப் பொற்காலம்?

அந்தப் பொற்காலத்தின் மிகப் புகழ்பெற்ற நிகழ்ச்சிகளில் ஒன்று 'ஆமோஸ் அண்ட் ஆண்டி'. 1928 மார்ச்சில் சிகாகோவில் தொடங்கியது. இரண்டு கறுப்பின இளைஞர்களின் கதை. பேசியவர்கள் ஃப்ரீமேன் காஸ்டன், சார்லஸ் கோரல் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள். கறுப்பர்கள் இப்படித்தான் உளறுவார்கள், இப்படித்தான் ஏமாறுவார்கள் என்று அவர்களே ஒரு பேச்சுமொழியைக் கட்டி, அதை நாடு முழுவதும் சிரிக்கச் சிரிக்கப் பரப்பினார்கள். அந்த நேரம் வந்தால் திரையரங்குகளில் படத்தை நிறுத்திவிட்டு வானொலியைப் போடுவார்களாம். 1931இல் 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினப் பத்திரிகை இதை எதிர்த்துப் பத்து லட்சம் கையெழுத்து திரட்டக் கிளம்பியது. நிகழ்ச்சி நிற்கவில்லை. 1945இல் 'பியூலா' என்ற கறுப்பின வேலைக்காரப் பெண்ணின் பெயரில் தனித் தொடர் வந்தபோது, அந்தப் பெண்ணின் குரலையும் ஒரு வெள்ளைக்கார ஆண்தான் பேசினார்.

இதைக் கேட்டால் எனக்கு நம்ம ஊர்த் தமிழ் ஞாபகம் வரும். 'ஏனுங்க, வாங்க, சொல்லுங்க' என்று கோவைத் தமிழை மரியாதைத் தமிழ் என்கிறோம். சினிமாவும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டது. 1992இல் 'சின்னக் கவுண்டர்', 1994இல் 'நாட்டாமை' என்று வந்த படங்களில் துண்டு போட்ட பெரிய மனிதர் பேசினால் கம்பீரம். பண்ணையத்து ஆள் வாயைத் திறந்தால் பணிவு, இல்லாவிட்டால் சிரிப்பு. இந்த 'ங்க' யார் யாரிடம் சொன்னது, யாருக்குத் திரும்பக் கிடைத்தது என்று எந்தப் படமும் கேட்கவில்லை. அறுபது வயது மாதாரியைப் பத்து வயதுப் பையன் 'வாடா' என்பான், அவர் 'சொல்லுங்க சாமி' என்பார். அதுவும் கொங்குத் தமிழ்தான். அந்த அறுபது வயதுக்காரரின் பேச்சை எழுதியவர்கள், நடித்தவர்கள், கேட்டுச் சிரித்தவர்கள் எல்லாரும் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள். காஸ்டனும் கோரலும் சிகாகோவில் மட்டும் இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள்.

கருவி யாரிடம் இருந்தது என்பதும் ஒரு கேள்வி. ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941இல் நம்ம ஜி.டி. நாயுடு அறிவித்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய செய்தி. வருசக் கூலிக்குப் பண்ணையத்தில் இருந்தவருக்கு எழுபது ரூபாயும் எட்டாத தூரம்தான். பிறகு பஞ்சாயத்து ரேடியோ வந்தது. கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டி ஊருக்கே பாட விட்டார்கள். ஊருக்கே என்றால் ஊருக்கு மட்டும். சத்தம் வளவு வரைக்கும் வந்தது, காற்றை யாரும் தடுக்க முடியாதே. உட்கார்ந்து கேட்கிற திண்ணை ஊருக்குள் இருந்தது. கோவை வானொலி நிலையம் 1966இல்தான் வந்தது. அதற்கு முன்பு திருச்சியும் இலங்கையும்தான் நமக்கு.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இந்தக் கருவியைக் கைப்பற்றினார்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1949இல் ஜெஸ்ஸி பிளேட்டன் என்ற கறுப்பினக் கணக்காளர் அட்லாண்டாவில் டபிள்யூ.இ.ஆர்.டி. என்ற வானொலி நிலையத்தையே வாங்கினார். கறுப்பினத்தவர் ஒருவர் சொந்தமாக்கிக் கொண்ட முதல் நிலையம் அதுதான். பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இயங்கியது. கிங் துடைப்பக் கட்டையால் மேல்கூரையைத் தட்டுவாராம், மேலேயிருந்து ஜன்னல் வழியாக மைக்கை இறக்குவார்களாம். 1963 மே மாதம் பர்மிங்காமில் பள்ளிப் பிள்ளைகள் போராட்டத்தில் இறங்கியபோது, ஷெல்லி ஸ்டூவர்ட் போன்ற வானொலிக்காரர்கள் பாட்டுக்கு நடுவே பூங்காவில் ஒரு விருந்து இருக்கிறது, பல் துலக்கும் பிரஷ்ஷோடு வாருங்கள் என்று அறிவித்தார்கள். போலீசுக்குப் புரியவில்லை. பிள்ளைகளுக்குப் புரிந்தது, சிறைக்குப் போகிறவர்களுக்குத்தானே பிரஷ் வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த ஒலிபரப்பு.

'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' 1942இல் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய அமெரிக்க அரசு வானொலி. வெளிநாட்டாருக்கென்றே நடத்தப்பட்டது. பனிப்போர் வந்ததும், எங்கள் நாட்டைப் பாருங்கள், எவ்வளவு சுதந்திரம் என்று உலகுக்குச் சொல்வது அதன் வேலையாயிற்று. 1951இல் இலங்கை அரசோடு ஒப்பந்தம் போட்டு ரேடியோ சிலோன் வழியாகவும் ஒலிபரப்பினார்கள். 1955 ஜனவரியிலிருந்து வில்லிஸ் கோனோவரின் ஜாஸ் நிகழ்ச்சி உலகெங்கும் போனது. கறுப்பினக் கலைஞர்களின் இசைதான் அமெரிக்காவின் விளம்பரம். அதே ஆண்டு டிசம்பரில் மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்து நடக்கத் தொடங்கினார்கள். இசை உலகம் சுற்றியது, அந்த மக்களுக்குப் பேருந்தில் முன்னிருக்கை இல்லை.

அந்த நடைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த 1956 மே 20 அன்று, இதே வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் அண்ணல் அம்பேத்கர் பேசினார். தலைப்பு, இந்தியாவில் சனநாயகத்தின் எதிர்காலம். 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1946இல் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்கு அனுப்பும் மனுவைப் பற்றி விசாரித்தவர். அமெரிக்காவில் எது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இறப்பதற்கு ஏழு மாதம் கூட இல்லை, உடல் தளர்ந்திருந்த நேரம். சனநாயகத்தின் பெருமை பேசுகிற வானொலியில் போய், எங்கள் நாட்டில் சனநாயகமே இல்லை என்கிற பொருளில் பேசினார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். குடியரசு வேறு, நாடாளுமன்றம் வேறு, சனநாயகம் வேறு. சனநாயகத்தின் வேர் மனிதர்கள் ஒருவரோடொருவர் வாழும் விதத்தில் இருக்கிறது. சாதிச் சமூகத்தில் அந்த வேருக்கு இடம் எங்கே என்று கேட்கிறார். வாக்காளர் தன் சாதிக்கு வாக்களிக்கிறார், கட்சி சாதி பார்த்து வேட்பாளரை நிறுத்துகிறது. அதற்குப் பிறகு ஆலைக்குள் நுழைகிறார். முதலாளி எந்தச் சாதியோ உயர் பதவியெல்லாம் அந்தச் சாதி, மற்றவர்கள் ஏணியின் அடிப்படியில் சொற்பக் கூலிக்குத் தொங்கிக் கொண்டிருப்பவர்கள். வணிக நிறுவனம் ஒரு சாதியின் முகாம். தருமமும் அப்படித்தான், கொடுப்பவர் தன் சமூகத்துக்கே கொடுக்கிறார்.

1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியதிலிருந்து இந்த ஊரின் வரலாற்றை எடுத்து, இந்தப் பத்தியைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். யார் மில் வைத்தார்கள், யார் மோட்டார் செய்தார்கள், யார் அறக்கட்டளை தொடங்கிக் கல்லூரி கட்டினார்கள், யார் இந்த நகரத்தின் சாக்கடையில் இறங்கினார்கள். அவினாசி சாலையில் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் போதும். தொழில் வளர்ந்தால் சாதி தேயும் என்று சொல்லித்தான் கொங்கு மண்டலத்தை எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார்கள். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் இருபதடி உயர மதில் இடிந்து விழுந்து 17 அருந்ததியர் செத்தார்கள். தொழில் வளர்ந்த ஊரில் மதிலும் வளர்ந்திருந்தது.

உரையின் கடைசிப் பகுதிதான் என்னைத் தூங்கவிடாதது. கல்வி சாதியை ஒழிக்குமா என்று அவரே கேட்டுக்கொண்டு, ஆம் என்றும் இல்லை என்றும் பதில் சொல்கிறார். சாதியால் லாபம் அடைபவனுக்குக் கல்வி கொடுத்தால் சாதியைக் காப்பாற்றத்தான் அது பயன்படும். சாதியைத் தகர்க்கத் தேவை இருப்பவனுக்குக் கொடுத்தால் சாதி ஆட்டம் காணும். கல்வி மாநகரம் என்று பெயர் வாங்கிய ஊரில் நின்று இதைக் கேளுங்கள். 2015 ஜூனில் கோகுல்ராஜ், பொறியியல் படித்தவர், திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டுப் பள்ளிபாளையம் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். 2016 மார்ச் 13 அன்று சங்கர், பொறியியல் மாணவர், உடுமலைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டப்பட்டார். 2009இல் அருந்ததியருக்கு மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்ததை, எங்கே கல்வி கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்ன இடத்தில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன். அதற்கு எழுந்த எதிர்ப்பையும் அங்கேயே வைத்துப் பாருங்கள்.

குரலை அவர்களும் கைவிடவில்லை. கோகுல்ராஜ் வழக்கின் முதன்மைக் குற்றவாளி, 2022இல் சாகும்வரை சிறைத் தண்டனை பெற்றவர், தலைமறைவாக இருந்தபோது வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகள் வெளியிட்டுக் கொண்டிருந்தார். இளைஞர்கள் அதைப் பகிர்ந்தார்கள், ரிங்டோன் போல ரசித்தார்கள். 1930களின் அமெரிக்காவில் பாதிரியார் காஃப்லின் ஞாயிறுதோறும் வானொலியில் வந்து கோடிக்கணக்கானோரைக் கட்டிப்போட்டார், போகப் போக யூத வெறுப்பைக் கக்கினார். 1938இல் ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்பட்டதற்கு அவர் நியாயம் கற்பித்தபோது, நியூயார்க்கின் டபிள்யூ.எம்.சி.ஏ. நிலையம் இனி உன்னை ஒலிபரப்ப மாட்டோம் என்றது. வாட்ஸ்அப்புக்கு நிலைய இயக்குநர் கிடையாது. குழுவில் இருக்கிற நாம்தான் இருக்கிறோம். மாமா அனுப்பினார், சித்தப்பா அனுப்பினார் என்று பேசாமல் இருந்துவிடுகிறோம்.

அம்பேத்கரின் அந்த வானொலி உரை ஆங்கிலத் தொகுதிகளில் பதினேழாவதன் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. சில பக்கங்கள்தான், சத்தமாக வாசித்தால் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். காதால் கேட்பதற்காக எழுதப்பட்டது, வாக்கியங்கள் அப்படித்தான் இருக்கின்றன. தோழர்கள் இருவர் அதைத் தமிழில் பெயர்த்து, போனில் பதிவு செய்து கொண்டு வந்திருக்கிறார்கள். விளக்கை அணைக்க வேண்டாம், அப்படியே உட்கார்ந்து கேட்கலாம். முடிந்ததும் அந்தக் கோப்பை வாங்கிக்கொண்டு போங்கள், மாமா இருக்கிற குழுவிலேயே முதலில் போடுங்கள்.