சிக்கனக்காரர்களின் பழைய ஏடுகள்

(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வணிகம் அறிந்தோர் நிறைந்த அவையில் பொருளைப் பற்றிப் பேசத் தமிழாசிரியருக்கு என்ன தகுதி என்று நீங்கள் எண்ணலாம். பொருளைப் பெருக்கும் வழியை நான் சொல்லப்போவதில்லை. வந்த வருவாயை எப்படிக் கையாள்வது என்று எளிய குடும்பத்தினர் ஒருவருக்கொருவர் எழுதிக் கற்பித்தார்களே, அந்த ஏடுகளைப் பற்றியே பேச விழைகிறேன். அரசர்கள் அளித்த கொடை கல்வெட்டில் நிற்கிறது. வங்கியின் பேரேடு பெட்டகத்தில் இருக்கிறது. ஒரு குடும்பத்தலைவி முப்பது ஆண்டு எழுதிய வரவு செலவு நோட்டுகளோ, அவர் மறைந்த மறுமாதமே பழைய தாள் வாங்குபவரின் தராசில் ஏறிவிடுகின்றன.

1990ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லீட்ஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஏமி டெசிஷின் என்னும் அம்மையார் ஒரு சிறு திங்களிதழைத் தொடங்கினார். அவர் பெயரின் எழுத்துக்கூட்டல் ஆங்கிலம் கற்றோரையே திணறச் செய்வது. தீர்மானம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போலவே அதை ஒலிக்க வேண்டும். பொருத்தமான பெயர்தான்! இதழின் பெயர் ‘டைட்வாட் கெஸட்’. ‘கருமியின் அரசிதழ்’ என்று நாம் தமிழாக்கிக்கொள்ளலாம். ஊரார் ஏளனமாகச் சொல்லும் சொல்லையே அவர் பட்டமாகச் சூடிக்கொண்டார். கணவர் கடற்படையில் பணியாற்றியவர். ஆண்டுக்குச் சராசரியாக 30,000 டாலருக்கும் குறைந்த வருவாயில், பிள்ளைகளையும் வளர்த்து, ஏழாண்டுக்குள் 49,000 டாலர் சேமித்து, பழைய பண்ணை வீடொன்றை வாங்கிய குடும்பம் அது. அந்தப் பட்டறிவே இதழுக்கு முதல்.

அவர் கற்பித்தவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது விலைக் குறிப்பேடு. சட்டைப் பைக்குள் அடங்கும் சிறு நோட்டில் ஒவ்வொரு பண்டத்திற்கும் ஒரு பக்கம். எந்தக் கடையில், எந்த நாளில், எத்தனை எடை, என்ன விலை என்று குறித்து, ஓர் அலகுக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்து எழுத வேண்டும். சில மாதங்களில் ‘தள்ளுபடி’ என்று தொங்கும் பலகைகளுள் எது மெய், எது பொய் என்பது தெரிந்துவிடும். வீட்டில் ஒரு பண்டத்தைச் செய்வதால் மிச்சமாகும் தொகையை அதற்குச் செலவான நேரத்தால் வகுத்து, ‘இந்த வேலைக்கு மணிக்கு இத்தனை டாலர் கூலி’ என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். வீட்டுப் பெண்டிரின் உழைப்புக்கு விலை குறித்த கணக்கு அது. பெரிய பொருளியல் நூல்கள் அதைச் செய்யத் தயங்கின.

இதழின் உயிர் வாசகர் கடிதங்களில் இருந்தது. நெகிழிப் பையைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவது தகுமா, தகாதா என்பது போன்ற சிறுசிறு செய்திகளில் ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுப்பார். மூன்றாமவர் தம் வீட்டுக் கணக்கைச் சான்றாக வைப்பார். 1996ஆம் ஆண்டின் இறுதியோடு அம்மையார் இதழை நிறுத்திக்கொண்டார். முன்பே மூன்று நூல்களாக வந்திருந்த இதழ்கள் பின்னர் தொள்ளாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரே தொகுதியாக அச்சேறின. அதனால்தான் இன்று நாம் அவற்றைப் பற்றிப் பேச முடிகிறது. அதே ஆண்டுகளில் இத்தகைய மடலிதழ்கள் வேறு பலவும் வெளிவந்தன. இரண்டு மூன்று தாள்களை மடித்துத் தைத்து அஞ்சலில் அனுப்பியவை அவை. படித்தவர்கள் சமையலறை இழுப்பறையில் போட்டு வைத்தார்கள். வீடு மாறும்போது எறிந்தார்கள்.

போனால் போகட்டும், பழைய சிக்கனக் குறிப்புகளால் இன்று என்ன பயன் என்று கேட்போருக்கு ஜோ டொமிங்குவஸ் என்பவரைக் காட்டுவேன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்து, பங்குச்சந்தை ஆய்வாளராகப் பணியாற்றி, 1969இல், தம் 31ஆம் அகவையில் ஊதிய வேலையை விட்டவர். தாம் கண்ட முறையை முதலில் சிறு கூட்டங்களிலும், பின்னர் ஒலிநாடாப் பாடங்களாகவும் கற்பித்தார். 1992இல் விக்கி ராபின் அம்மையாரோடு சேர்ந்து நூலாக எழுதினார். ஒவ்வொரு காசையும் எழுதுக. வருவாய், செலவு, முதலீட்டு வருமானம் ஆகிய மூன்றையும் மாதந்தோறும் சுவரில் ஒட்டிய வரைபடத்தில் குறித்து வருக. முதலீட்டு வருமானக் கோடு செலவுக் கோட்டைத் தாண்டும் நாளே விடுதலை என்பது அவருடைய போதனை. சேமிப்பை எங்கே வைப்பது என்ற வினாவுக்கு அவர் சொன்ன விடை, அமெரிக்க அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்கள்.

இங்கேதான் ஆண்டு முக்கியமாகிறது. அந்நாட்டு அரசின் 30 ஆண்டுப் பத்திரம் 1981இல் 14 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி தந்தது. நூல் வெளிவந்த 1992இல் 7 விழுக்காட்டுக்கு மேல். 2020இன் நடுவிலோ ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. அந்த அறிவுரையை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு 2020இல் ஒருவர் வேலையை விட்டிருந்தால் அவர் நிலை என்ன? டொமிங்குவஸ் 1997இல் மறைந்தார். 2018இல் விக்கி ராபின் அந்த நூலைத் திருத்தி வெளியிட்டபோது முதலீட்டுப் பகுதியை விரிவாக மாற்றினார். இரு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கே எது முறை, எது அந்தக் காலத்து வட்டி என்று பிரித்துப் பார்க்க இயலும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்துவிட்டால் வேலையை விட்டுவிடலாம் என்று நம் ஊர் இளைஞர்களும் இன்று பேசுகிறார்கள். அந்தக் கணக்கின் ஊற்று, கலிபோர்னியாவைச் சேர்ந்த நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் எழுதிய ஒரு கட்டுரை. அவர் எடுத்துக்கொண்டவை 1926 முதலான அமெரிக்கப் பங்குகள், பத்திரங்களின் விவரங்கள். அவர் கணக்கிட்டது 30 ஆண்டு ஓய்வுக் காலத்திற்கு. பின்னாளில் அவரே அந்த நான்கு விழுக்காட்டைச் சற்று உயர்த்தித் திருத்தினார். 35 அகவையில் ஓய்வு பெறத் துடிக்கும் நம் பிள்ளைக்கு 50 ஆண்டுகள் கடக்க வேண்டும். நம் நாட்டு விலைவாசி வேறு. கட்டுரை கையில் இருப்பவர் இதைக் கேட்பார். எண் மட்டும் காதில் விழுந்தவர் கேட்கமாட்டார்.

ஏடுகளைக் காத்த மக்களும் உலகில் உண்டு. ஜப்பானில் ஹானி மோதோகோ என்னும் பெண்மணி 1904இல் குடும்பக் கணக்கேடு ஒன்றை வடிவமைத்து அச்சிட்டார். அந்நாட்டின் முதல் பெண் இதழாளர் என்று போற்றப்படுபவர் அவர். செலவு செய்தபின் எழுதும் வெறும் குறிப்பாக இல்லாமல், ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு வகைக்கும் இவ்வளவு என்று ஒதுக்கி, ஒதுக்கியதோடு செலவை ஒப்பிடும்படி அமைந்த ஏடு அது. 1930இல் அவருடைய இதழின் வாசகர்கள் ‘தோழியர் சங்கம்’ என்று சொல்லத்தக்க அமைப்பை நாடெங்கும் நிறுவினர். தத்தம் கணக்குகளைக் கொண்டுவந்து ஒப்பிட்டார்கள், தொகுத்தார்கள். நூறாண்டு கடந்தும் அந்தக் கணக்கேடு அச்சாகிக்கொண்டிருக்கிறது. அரிசிக்கு எவ்வளவு, பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு, முதியோர் மருத்துவத்திற்கு எவ்வளவு என்று அந்தப் பெண்கள் தம் கையாலேயே எழுதி வந்திருக்கிறார்கள். ஏமி அம்மையாரின் வாசகர்கள் கடிதத்தில் செய்ததை இவர்கள் ஆண்டு தவறாமல் கட்டம் போட்ட தாளில் செய்தார்கள்.

காப்போர் பெரும்பாலும் ஒரு பிழை செய்கிறார்கள். வென்றவரின் ஏட்டை வைத்துக்கொண்டு தோற்றவரின் ஏட்டை விட்டுவிடுகிறார்கள். கடன் தீர்த்தவர் நூல் எழுதுவார்; தீர்க்க முடியாதவர் கடிதம் எழுதுவதையும் நிறுத்திவிடுவார். ஆதலால், இடையில் நின்றுபோன கணக்கு நோட்டுக்கு நிறைவான நோட்டைவிட மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. எந்த மாதத்தில் நின்றது, அதற்கு முந்திய பக்கத்தில் இருப்பது மருத்துவச் செலவா, வட்டியா, திருமணமா என்று பார்த்தாலே ஒரு குடும்பத்தின் கதை விளங்கும்.

உங்கள் இல்லங்களிலும் பாட்டிமார், தாய்மார் எழுதிய நோட்டுகள் பரணில் இருக்கக்கூடும். எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டுங்கள். துருப்பிடித்த ஊசிகளை நீக்கிப் பருத்தி நூலால் கட்டுங்கள். நெகிழிப் பையில் இட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளே தங்கிவிடும். பெயர்கள் வெளிப்படக் கூடாதென்றால் ஒரு படி எடுத்து அதில் பெயர்களை மறையுங்கள், மூலத்தில் அடிக்காதீர்கள். முகப்பில் ஒரு தனித்தாள் வைத்து, எந்த ஆண்டு, எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர், மாத வருவாய் எவ்வளவு என்று பென்சிலால் எழுதுங்கள். கைப்பேசியில் கணக்கு எழுதும் இளைஞர்கள் ஆண்டுக்கொரு முறை அதைத் தாளில் அச்சிட்டு, அதே நான்கு செய்திகளையும் சேர்த்து, அந்தக் கட்டோடு வைத்துவிடுங்கள்.