ஔவை நோன்பும் நம் ஆய்வும்



ஆண் கண்ணில் படக்கூடாத ஒரு நோன்பைப் பற்றிப் பேச நாஞ்சில் நாட்டில் கூடியிருக்கிறோம். அதற்குத் தலைமை தாங்க ஓர் ஆணை அழைத்திருக்கிறீர்கள்! நோன்பு நடக்கும் இரவில் எனக்கு இடமில்லை. பெண்கள் வெளியே சொல்ல இசைந்ததை வைத்தே நான் பேச முடியும். அந்த எல்லையை மதித்து என் உரையைத் தொடங்குகிறேன்.

ஔவையார் நோன்பு என்றும் செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு என்றும் இதைச் சொல்கிறோம். நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் வேரூன்றிய வழக்கம் இது. மதுரை, இராமநாதபுரம் வட்டாரங்களிலும் உண்டு. ‘அசந்தா ஆடி, தப்புனா தை, மறந்தா மாசி’ என்பது இதற்குரிய பழமொழி. இந்த மூன்று மாதங்களின் செவ்வாய்க்கிழமைகளில், ஊர் அடங்கிய பிறகு பெண்கள் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். கைக்குழந்தையானாலும் ஆண் என்றால் அங்கே அனுமதியில்லை. அரிசியை இடித்து, உப்பில்லாமல் மாவு பிசைந்து, பல வடிவங்களில் கொழுக்கட்டை செய்து அவித்துப் படைக்கிறார்கள். மூத்த பெண்ணொருத்தி கதை சொல்ல, மற்றவர்கள் கேட்கிறார்கள். படைத்ததை விடிவதற்குள் உண்டு முடித்துவிட வேண்டும். குடும்பம் தழைக்க வேண்டும், கணவனும் பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே வேண்டுதல். புரோகிதர் இல்லை; மந்திரமும் இல்லை.

ஒரே நோன்புக்கு ஔவையும் பிள்ளையாரும் எப்படி உரியவர்களானார்கள்? ஔவை தன் இளமையை மாற்றித் தரும்படி பிள்ளையாரிடம் வேண்டி முதுமை பெற்ற கதை நாடறிந்தது. மணவாழ்வை விலக்க முதுமையை வரமாகக் கேட்டவள் அவள். இல்லறம் செழிக்க நோற்கும் நோன்புக்கு, இல்லறத்தை வேண்டாம் என்றவளே தலைவி! வரலட்சுமி நோன்பில் சுமங்கலி வரலட்சுமியைக் கலசத்தில் அழைத்துப் பூசிக்கிறாள். காரடையான் நோன்பில் கணவனை எமனிடமிருந்து மீட்ட சாவித்திரி முன்மாதிரியாகிறாள். இங்கோ மஞ்சள் குங்குமத்தைச் சாராத ஒரு கிழவி. கைம்பெண்களுக்கு இந்த இரவில் என்ன இடம்? அவர்கள் கதை சொல்கிறார்களா, கேட்க மட்டும் உட்காருகிறார்களா? ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி விடை வேறுபடக்கூடும். இந்தக் கருத்தரங்கின் முதல் கேள்வியாக இதையே வைக்கிறேன்.

இரண்டாவது கேள்வி கதையைப் பற்றியது. வெளியே தெரியவந்த வடிவங்களில், வறுமையில் வாடும் அண்ணன்மாருக்காகத் தங்கை நோற்கிறாள். வீட்டில் செல்வம் பெருகுகிறது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நெடுங்காலம் மருமக்கள்வழி, அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து சேரும் முறை, இருந்ததை நாம் அறிவோம். கவிமணியின் ‘மருமக்கள்வழி மான்மியம்’ அதன் கொடுமைகளை எள்ளி நகையாடியது. 1926-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறைக்கு முடிவு கட்டியது. சகோதரி வழியே குடும்பம் நிலைத்த மண்ணில் தங்கையின் நோன்பு அண்ணனை வாழவைக்கிறது என்ற கதைக்குத் தனிப் பொருள் இருந்திருக்க வேண்டும். ஆனால் மக்கள்வழிக் குடும்பங்களும் இந்நோன்பை நோற்கின்றன. அவர்களிடம் கதை எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர இயலாது.

மூன்றாவது கேள்வி மாதங்களைப் பற்றியது. நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு போகம். தையும் மாசியும் கும்பப்பூ அறுவடையை ஒட்டிய மாதங்கள்; ஆடியில் கன்னிப்பூ இன்னும் வயலில் நிற்கும். களஞ்சியம் நிறையும்போது ஒரு நோன்பும் குறையும்போது ஒரு நோன்பும் என்று கொள்ளலாமா? வேளாண் வரலாறு அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

இதுவரை நம் ஆய்வுலகம் என்ன செய்திருக்கிறது? பி. வி. காணே தம் தருமசாத்திர வரலாற்றின் ஐந்தாம் தொகுதியில் விரதங்களை விரிவாகப் பட்டியலிட்டார். ஏட்டில் ஏறிய விரதங்களுக்கு அது பெருந்துணை. ஹோலி பேக்கர் ரெனால்ட்ஸ் 1978-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடு தமிழ்ப் பெண்களின் நோன்புகளையே பொருளாகக் கொண்டது. நம்மவர் எழுத்துகளிலோ, விதிவிலக்குகள் தவிர, ஒரே ஆவல் மேலோங்கி நிற்கிறது: கொழுக்கட்டை என்ன வடிவம்? ஆண்கள் பார்த்தால் என்ன ஆகும்? இது ஆய்வல்ல, எட்டிப் பார்த்தல்.

மறைக்கப்பட்டது பெண்களின் உடைமை. அதை அம்பலப்படுத்துவதால் அறிவு வளரும் என்று நான் நம்பவில்லை. அந்த மறைவு பெண்களுக்கு எதைத் தந்தது என்பதே ஆராயத்தக்கது. மாமியார் வீட்டில் வாய் திறக்க முடியாத மருமகளுக்கு, ஆண் குரல் கேட்காத ஓர் இரவு கிடைத்தது. அவரவர் கொண்டுவந்த அரிசி ஒரே உரலில் விழுந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவளும் கதைசொல்லியாக மதிக்கப்பட்டாள். குடும்பத்துக்காக நோற்ற நோன்பு, குடும்பத்திடமிருந்து ஓர் இரவு விடுதலையும் தந்தது. இதை விடுதலை என்று மட்டுமே கொண்டாடவும் மாட்டேன்: குடும்ப நலத்தின் சுமை முழுவதையும் பெண்ணின் பட்டினியிலும் கண்விழிப்பிலும் ஏற்றிவைத்த சமூகமும் இதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தாழக்குடியை அடுத்த ஔவையாரம்மன் கோயிலில் ஆடிச் செவ்வாய்தோறும் பெண்கள் திரண்டு கூழும் கொழுக்கட்டையும் சமைத்துப் படைக்கிறார்கள். வீட்டில் மறைவாக நடப்பது ஒன்று, கோயிலில் ஊரறிய நடப்பது ஒன்று. இரண்டுக்கும் இடையிலான உறவை விளக்கும் கட்டுரையை ஆவலோடு எதிர்பார்க்கிறேன். இதற்கிடையே காலமும் மாறிவருகிறது. உரலும் உலக்கையும் போய் மாவு மில் வந்துவிட்டது. கூட்டுக் குடும்பம் அடுக்குமாடி வீடாகிவிட்டது. கதை சொல்லும் மூதாட்டிகள் குறைந்துவருகிறார்கள்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். இக்களப்பணியைப் பெண் ஆய்வாளர்களே முன்னின்று நடத்த வேண்டும். எதைப் பதியலாம், எதை வெளியிடலாம் என்பதை நோன்பு நோற்கும் பெண்களே தீர்மானிக்க வேண்டும். பதிவுகளின் படி ஒன்று அந்தந்த ஊர்ப் பெண்களிடமே இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஏற்று, இன்றைய அமர்வுகளின் முடிவில் ஒரு தீர்மானமாக நிறைவேற்றும்படி அவையைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.