தலையசைப்பு விடையாகாது



ரெயில்வே ஊழியராகிய நாம் நன்கறிந்த விதி ஒன்று உண்டு. அடுத்த நிலையத்தாரைக் கேட்டு 'லைன் கிளியர்' பெற்றாலன்றி வண்டியை அனுப்புதல் ஆகாது. எத்துணை அனுபவம் வாய்ந்த ஸ்டேஷன் மாஸ்டரும் இதற்குக் கட்டுப்பட்டவரே.

மருத்துவமனைக்கும் இத்தகைய கட்டுப்பாடு வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ஆம் ஆண்டில் அறுவைச் சிகிச்சைக்கென 19 இனங்கள் அடங்கிய சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. புதுதில்லி உட்பட 8 நகரங்களில் அதனைக் கையாண்டபோது, நூற்றுக்கு 1.5 ஆக இருந்த மரணம் 0.8 ஆகக் குறைந்தது. நோயாளி இன்னார்தாமா என உறுதி செய்வதே அப்பட்டியலின் தொடக்கம்.

ஊரிலிருந்து வந்து நம்முடன் வாழும் முதியோர் பலர் இந்தி அறியார். செவிலியர் எவர் பெயரைச் சொல்லிக் கேட்பினும், மரியாதை கருதித் தலையசைத்துவிடுவர். பிறர்க்குரிய ஊசி இவர்க்குச் செல்ல அதுவே போதும். ஆதலின், "நீங்கள் இன்னாரா?" என்று கேளாது, "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்பதே முறை.

நம் காலனியில் எவர் மருத்துவமனையில் சேர்ந்தாலும், இந்தி அறிந்த அன்பர் ஒருவர் உடனிருக்கச் சங்கம் ஏற்பாடு செய்தல் வேண்டும். நோயாளியின் பெயர், வயது, உண்டுவரும் மருந்து, உடலுக்கு ஒவ்வாத மருந்து ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கொடுப்போம். வினவுதல் மருத்துவரை அவமதித்தல் அன்று. அவர் பணிக்குத் துணை நிற்றலே ஆகும்.