அழுதார், யாரிடமும் சொல்லவில்லை



அக்டோபர் முதல் நாளில் புனித குழந்தை இயேசுவின் தெரேசாவின் விழாவைக் கொண்டாடுகிறோம். 'சிறுமலர்' என்று அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகள் நம் ஊர்களில் எத்தனையோ! அந்தச் சிறுமலருக்குத் தம் பள்ளி நாள்கள் எப்படி இருந்தன தெரியுமா? வாழ்க்கையிலேயே மிகத் துயரமான காலம் என்று அவர் எழுதி வைத்திருப்பது, பள்ளியில் கழித்த ஐந்து ஆண்டுகளைத்தான்.

1881 அக்டோபரில், எட்டரை வயதில், பிரான்சு நாட்டின் லிசியே நகரில் பெனடிக்ட் சபைச் சகோதரிகள் நடத்திய பள்ளியில் தெரேசா சேர்ந்தார். தாயை இழந்த பிள்ளை. வீட்டிலேயே அக்காமாரிடம் நன்றாகப் படித்திருந்ததால், தம்மைவிடப் பெரிய பெண்கள் இருந்த வகுப்பில் அவரை அமர்த்தினார்கள். பெரும்பாலும் முதல் மதிப்பெண் அவருக்கே. சகோதரிகளுக்கும் அவர்மீது தனிப் பிரியம். அதே வகுப்பில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். படிப்பில் சுமார்தான். ஆனால் மாணவிகளை மட்டுமல்ல, ஆசிரியைகளையும் தன் பக்கம் இழுக்கத் தெரிந்தவள். சின்னப் பெண் பெற்ற ஒவ்வொரு வெற்றிக்கும் ஒவ்வொரு விதமாக வஞ்சம் தீர்த்தாள். தெரேசாவுக்கு எதிர்த்து நிற்கத் தெரியவில்லை. அழுதார். தாயாகவே நினைத்திருந்த அக்கா பவுலினிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதில் ஒன்றைக் கவனிப்போம். துன்புறுத்தியவள் முரட்டுப் பெண்ணாக, எல்லாருக்கும் தெரிந்த குறும்புக்காரியாக இருக்கவில்லை. ஆசிரியைகளே மெச்சும் பெண்ணாக இருந்தாள். இன்றும் பல பள்ளிகளில் அப்படித்தான். பையன்கள் சண்டை போட்டால் சட்டை கிழியும், சத்தம் கேட்கும், யாராவது ஓடி வருவார்கள். பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒதுக்கினால் சத்தமே வராது. மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது வட்டம் சற்றே நெருங்கிக்கொள்ளும். அவளுக்கு இடம் இராது. வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் இருப்பார்கள், அவள் பெயர் மட்டும் நீக்கப்பட்டிருக்கும். நிறத்தை, தலையில் வைத்த எண்ணெயை, அக்காவிடமிருந்து வந்த பழைய சீருடையை, சில இடங்களில் வெட்கமின்றிச் சாதியையும் வைத்து ஒரு பட்டப்பெயர் வரும். சின்ன வயதில் 'டூ' விட்டவர்கள் மறுநாளே 'பழம்' விட்டுவிடுவார்கள். பதினான்கு வயது 'டூ' மாதக்கணக்கில் நீளும். "அவளோட பேசினா, உன்னோடயும் பேச மாட்டோம்" என்ற ஒரு சொல் போதும், மற்றவர்களும் விலகிக்கொள்வார்கள்.

அந்த மற்றவர்களைப் பற்றித்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். பயந்த பிள்ளைகள். தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைப் பாருங்கள். சற்று முன்புதான் கெத்சமனித் தோட்டத்தில் வாளை உருவியவர். இங்கே ஒரு பணிப்பெண் கேட்ட ஒரு கேள்விக்கு முன் நிலைகுலைந்து போனார். அவருடைய கலிலேயப் பேச்சே அவரைக் காட்டிக்கொடுத்தது என்கிறார் மத்தேயு. பேச்சு வழக்கை வைத்து ஒருவரை அடையாளம் காண்பது நம் வகுப்பறைகளுக்கும் புதிதல்ல. கிராமத்திலிருந்து வந்த பெண் வாய் திறந்தாலே சிரிக்கிறார்களே! பேதுரு குளிர் காய்ந்துகொண்டு நின்றார் என்று யோவான் எழுதுகிறார். தமிழில் 'குளிர் காய்தல்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு, உங்களுக்குத் தெரியும். நெருப்பைச் சுற்றி நிற்பவர்களோடு நிற்க வேண்டும், தனியே இருட்டில் போய்விடக் கூடாது: பதினைந்து வயதுப் பெண்ணின் பயமும் இதுதான். அந்தப் பயத்தில்தான், நேற்றுவரை தோழியாக இருந்தவளைப் பார்த்து, 'அவளா? எனக்குத் தெரியாதே' என்கிறாள்.

சரி, வீட்டில் இருக்கும் நமக்கு இது ஏன் தெரிவதில்லை? சாமுவேல் முதல் நூலின் தொடக்கத்தில் அன்னாவின் கதை வருகிறது. சீலோவுக்குப் போகும்போதெல்லாம், ஆண்டுதோறும், பெனின்னா அவரைக் குத்திக்காட்டி நோகடிப்பார். அன்னா அழுவார், உண்ணமாட்டார். கணவர் எல்கானா அன்பானவர்தான். ஆனால் அவர் சொன்ன ஆறுதல் என்ன? பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் அல்லவா என்று கேட்கிறார். பெனின்னாவை அவர் கண்டித்ததாக ஒரு வரிகூட இல்லை. குரு ஏலியோ, உதடுகள் மட்டும் அசைவதைக் கண்டு, அந்தப் பெண் குடித்திருக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டார்.

நம் வீடுகளிலும் இப்படித்தான் நடக்கிறது. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது, 'திமிர்' என்கிறோம். திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி, 'நடிப்பு' என்கிறோம். கேட்டால், "நீ படிக்கப் போறியா, பேசப் போறியா? கண்டுக்காதே" என்று அம்மா சொல்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எதையும் சொல்வதில்லை. தெரேசாவைப்போல் மெளனமாக அழுவது புனிதம் என்று நம் பிள்ளைகளுக்குத் தயவுசெய்து யாரும் போதிக்க வேண்டாம். அவரை யாரும் அந்தப் பள்ளியிலேயே விட்டுவிடவில்லை. 1885-இல் அக்கா செலின் படிப்பை முடித்துவிட, தெரேசா தனியே போக வேண்டியதாயிற்று, அடிக்கடி நோயுற்றார். அப்பா லூயி மார்ட்டின் 1886-இன் தொடக்கத்தில் பள்ளியை நிறுத்திவிட்டு, ஓர் அம்மையாரிடம் தனியே பாடம் கற்க ஏற்பாடு செய்தார். இன்று அந்தத் தந்தையும் ஒரு புனிதர். மகள் திருச்சபையின் மறைவல்லுநர்.

எல்லா வீட்டாராலும் பள்ளியை மாற்ற முடியாது. மாற்றத்தான் வேண்டும் என்றும் இல்லை. வகுப்பாசிரியையிடம் நேரில் போய்ப் பேசலாம். குழுவில் வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருந்து காட்டலாம். சொல்ல யாருமே இல்லையென்றால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளே அழைக்கலாம்; கட்டணம் இல்லை. மறைக்கல்வி ஆசிரியர்களே, ஞாயிறு வகுப்பில் எப்போதும் கடைசி பெஞ்சில் தனியே உட்காரும் பெண்ணின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? நம் மகளே அந்தக் குழுவின் தலைவியாக இருந்தால்? அதுவும் நடக்கும். அவள் பெயரைச் சொல்லி ஒரு தாய் நம் வாசலில் வந்து நின்றால், "என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல" என்று கதவைச் சாத்தும் முன், அந்தத் தாயை உட்காரச் சொல்லி முழுவதும் கேட்போம்.

ஏலி தவறாகத்தான் நினைத்தார். ஆனால் அன்னா, தாம் குடிக்கவில்லை, தம் உள்ளத்தை ஆண்டவர்முன் கொட்டுவதாகச் சொன்னபோது, அவரை நம்பினார். சமாதானத்தோடு போகச் சொன்னார். அன்னா எழுந்து போய்ச் சாப்பிட்டார். அதன்பிறகு அவர் முகம் வாடியிருக்கவில்லை என்கிறது திருவிவிலியம். சாமுவேல் பிறப்பதற்கு முன்பே அது நடந்தது.